காற்றுத் தடையும் கள்ளத் தராசும்

34 ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர் நாம். ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்யும் மாணவர் பலர், புவியீர்ப்பு முடுக்கம் 980 என வரவேண்டும் என்பதை முன்னரே அறிந்துகொண்டு, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரங்களை எழுதி வைப்பர். அத்தகைய பதிவேடுகளின் குறுக்கே சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பித் தந்திருக்கிறோம். “ஊசல் சொல்வதை எழுது, உன் ஆசை சொல்வதை எழுதாதே” என்று எத்தனையோ மாணவரைக் கடிந்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாமே சென்ற கோடை விடுமுறையில், ஒரு நள்ளிரவில், ஓர் எண்ணை மாற்றிப் பொய்க் கணக்கு எழுதினோம். எழுதியது ஒரு சிறுவனின் விளையாட்டில்தான். ஆயினும் அதன் சுமை விளையாட்டாக இல்லை. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளிடம் நெஞ்சு இளகிவிடும் நம்மைப் போன்ற முதியோருக்கும் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறோம்.

நம் மகளின் மகனுக்கு வயது 13. காலாண்டுத் தேர்விலும் அரையாண்டுத் தேர்விலும் கணக்கில் தவறினான். ஆண்டுத் தேர்வில் எப்படியோ கரையேறினான். அந்த ஓராண்டில் அவன் காதில் விழுந்த சொற்களுக்கு அளவில்லை. “இவனுக்கு ஒன்றும் வராது” என்று அவனுடைய தந்தையார் ஒருமுறை சொன்னதை அவன் மறக்கவில்லை என்பதை, அவன் நம் வீட்டுப் படியேறிய விதத்திலேயே கண்டுகொண்டோம். கையில் துணிப்பை ஒன்று. மற்றொரு கையில் ஒரு நோட்டுப் புத்தகம். செபமாலை வேளையில் நம் அருகே முழந்தாளிடுவான். அருள் நிறைந்த மந்திரத்தைக் கூடச் சத்தமாகச் சொல்லமாட்டான்.

அவன் முகம் மலர்ந்தது ஓரிடத்தில்தான். நம் வீட்டுப் பழைய கணினியில், மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட வானூர்தி விளையாட்டு ஒன்று இருந்தது. விமானத்தின் கருவிப் பலகையும் வானமும் கடலும் ஓடுபாதையும் திரையில் தோன்றும். கைப்பிடியை அசைத்து ஊர்தியை ஓட்டவேண்டும். முதலில் நாம் அதைப் பொழுதுபோக்கென்றே எண்ணினோம். பிறகு அதன் மூதாதையை நினைவுகூர்ந்தோம். அமெரிக்காவில் பிங்காம்டன் நகரில் ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன் எட்வின் லிங்க். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே, தரையில் இருந்தபடி சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு போலி விமானத்தை அவர் 1929-இல் செய்தார். 1934-இல் தபால் கொண்டு சென்ற இராணுவ விமானிகள் பலர் மூடுபனியிலும் புயலிலும் மாண்டபின்னரே அமெரிக்க இராணுவம் அவற்றில் ஆறை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் அதில் பயின்றனர். ஆலயத்தில் பாட்டுக்குத் துணைசெய்யும் அதே துருத்தி, விமானிகளின் உயிரையும் காத்தது என்பது நமக்கு இன்றும் இனிக்கும் செய்தி.

நம் பேரன் தேர்ந்துகொண்ட பறப்பு எளியதன்று. கரீபியக் கடலில் சேபா என்றொரு சிறு தீவு உண்டு. நெதர்லாந்து நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. ஓர் எரிமலையின் உச்சியே கடலுக்கு மேல் தலைநீட்டி நிற்பது போன்ற நிலம். அங்கே வாழ்வோரில் கத்தோலிக்கர் பலர். 1959-ஆம் ஆண்டு ரெமி தெ ஹேனன் என்ற விமானி முதன்முதல் அங்கே இறங்கிக் காட்டினார். 1963-இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதையின் நீளம் 400 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,300 அடிதான். பயணிகள் விமானம் வந்துபோகும் ஓடுபாதைகளில் உலகிலேயே மிகக் குறுகியது என்று அதைச் சொல்வர். இரு முனைகளிலும் பாறைச் சரிவு, கீழே கடல். அண்டைத் தீவான செயின்ட் மார்ட்டினிலிருந்து ஏறத்தாழ 25 கடல் மைல் தொலைவு. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 வகை ஊர்தியில் அங்கே போய் இறங்கிவிடவேண்டும் என்பதே அவன் தவம்.

நாள்தோறும் அவன் கடலில் விழுந்தான். தரையை நெருங்குவான், ஊர்தியோ தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். பாதை முடிந்துவிடும். திரை கறுக்கும். அவன் வாய் பேசாமல் நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வான். ஒன்பதாம் நாள் மாலை அவன் கண்ணீரைப் புறங்கையால் துடைப்பதைக் கண்டோம். “எனக்கு ஒன்றும் வராது, பாட்டி” என்று நம் இல்லாளிடம் அவன் சொன்னதும் நம் காதில் விழுந்தது. தந்தையின் சொல் மகனின் வாய்க்கு வந்துவிட்டதை உணர்ந்து அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அவன் தவறு எங்கே என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது. காற்றைக் கிழித்துச் செல்லும் எதையும் காற்று பின்னுக்கு இழுக்கும். இந்த இழுவை இருவகைப்படும். ஊர்தியின் உடலும் சக்கரங்களும் தாங்குகட்டைகளும் காற்றோடு மோதி உரசுவதால் வருவது முதல் வகை. ஆங்கிலேயர் இதற்கு ஒட்டுண்ணி என்று பொருள்படும் பாரசைட் டிராக் என்ற பெயரை இட்டனர். வேகம் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும். இரண்டாம் வகை, இறக்கை ஊர்தியைத் தூக்கிப் பிடிப்பதற்காகக் கொடுக்கும் விலை. மெல்லப் பறக்கும்போது இது மிகும். விரைந்து பறக்கும்போது குறையும். தரைக்கு மிக அருகே, இறக்கையின் நீளமாகிய 36 அடி உயரத்திற்குள் வந்ததும், இந்த இரண்டாம் வகை இழுவை இன்னும் குறைந்துபோகும். ஆகையால் மிகை வேகத்தோடு வந்த ஊர்தி, பிடித்து நிறுத்த ஆளில்லாத காளையைப் போலத் தரைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

குறுகிய பாதையில் இறங்கும்போது இவ்வகைச் செஸ்னா 61 நாட் வேகத்தில் வரவேண்டும் என்பது அதன் கையேட்டின் விதி. நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். நம் பேரனோ அச்சத்தால் 80 நாட் வேகத்தில் வந்தான். மெதுவாக வந்தால் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம். அந்த வேகத்தில் ஊர்தி சுமந்து வரும் ஆற்றல், 61 நாட்டில் இருப்பதைப் போல் 1.7 மடங்கு. அத்தனையையும் 400 மீட்டரில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இதை அவனுக்கு அமைதியாகச் சொல்லித் தந்திருக்கவேண்டும். 34 ஆண்டுகள் நாம் செய்த தொழிலே அதுதானே! ஆனால் சொல்லித் தருவதற்குப் பொறுமை வேண்டும். அவன் மேலும் சிலநாள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வலிமையும் வேண்டும். அந்த வலிமை நம்மிடம் இல்லை. அவ்விளையாட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எழுத்துக் கோப்பு உண்டு. அதைத் திறந்தால், இழுவையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் பெருக்கெண்கள் வரிசையாக இருக்கும். பாரசைட் டிராக் என்ற வரியில் 1.0 என்றிருந்தது. பேரன் உறங்கியபின் அதை அழித்து 1.8 என்று எழுதிச் சேமித்தோம். மிகை வேகத்தைக் காற்றே தின்றுவிடும். அவன் எப்படி வந்தாலும் ஊர்தி நின்றுவிடும். இதைச் செய்து முடித்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தோம் என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவன் சேபாவில் இறங்கினான். மூன்று முறை இறங்கினான். வீடு அதிரக் கூவினான். பாட்டி கேசரி கிண்டினாள். அன்றிரவு செபமாலையில் அவன் குரல் மற்றெல்லாக் குரல்களுக்கும் மேலே கேட்டது. நாம் செய்தது தருமமே என்று நம் மனம் நமக்கே சான்று எழுதிக் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், நம் மூத்த மகனின் வீட்டுக்கு அவன் சென்றான். அங்கே அவன் வயதொத்த அண்ணன் ஒருவன் உண்டு. அவனிடமும் அதே விளையாட்டு இருந்தது. “சேபாவில் இறங்கிக் காட்டுகிறேன்” என்று நம் பேரன் சொல்ல, தெருப்பிள்ளைகள் ஐந்தாறு பேர் கூடிவிட்டனர். அவன் கடலில் விழுந்தான். மீண்டும் விழுந்தான். மூன்றாம் முறையும் விழுந்தான். பிள்ளைகள் சிரித்தனர்; “புளுகு மூட்டை” என்று ஒருவன் சொல்லிவிட்டான்.

மாலையில் வீடு திரும்பியவன் அழவில்லை. கணினியின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தான். பிறகு அந்த நோட்டைக் கொண்டுவந்து நம் மேசைமேல் விரித்து வைத்தான். அதுவரை நாம் அதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: நாள், உயரம், நேர்ப்பறப்பின் வேகம், சேபாவுக்கு எடுத்த நேரம், முடிவு. முதல் ஒன்பது நாளும் வேகம் 122, நேரம் 15 நிமிடம், முடிவு ‘கடல்’. பத்தாம் நாள் முதல் வேகம் 100, நேரம் 18 நிமிடம், முடிவு ‘தரை’. கடைசி மூன்று வரிகள் அண்ணன் வீட்டில் எழுதியவை. வேகம் மறுபடி 122. முடிவு ‘கடல்’.

“தாத்தா, நம் வீட்டு விமானம் மட்டும் ஏன் மெதுவாகப் போகிறது என்று தேடினேன். அந்தக் கோப்பை யாரோ இரவு 11 மணி 40 நிமிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்” என்றான். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “நான் இறங்கவே இல்லை, தாத்தா. நீங்கள்தான் என்னை இறக்கிவிட்டீர்கள். எனக்கு வராது என்று நீங்களும் நினைத்துவிட்டீர்கள்” என்றான்.

அந்தக் கடைசிச் சொற்கள் நம் நெஞ்சில் தைத்தன. அவனுடைய தந்தை வாயால் சொன்னதை நாம் கையால் சொல்லியிருக்கிறோம். அவர் கடுமையோடு சொன்னார். நாம் அன்போடு சொன்னோம். பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

மேசைமேல் கிடந்த நோட்டை மறுபடி பார்த்தோம். கணக்கு வராதவன் என்று பெயர் வாங்கியவன் எழுதிய கணக்கு அது. தனக்கு அவமானமான முடிவையும் ஒளிக்காமல், கண்டதைக் கண்டவாறே எழுதி, வரிக்கு வரி ஒப்பிட்டு, பிழை இருக்குமிடத்தைக் கண்டுபிடித்திருந்தான். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ செய்முறைப் பதிவேடுகளைத் திருத்தியிருக்கிறோம். அவற்றுள் இத்தகைய நேர்மையான பதிவேடுகள் மிகச் சிலவே. பொய்ப் பதிவேடு இம்முறை ஆசிரியருடையது.

“தாத்தா செய்தது தவறு. உன்னைக் கேட்காமல் செய்ததும் தவறு. உன்னால் முடியாது என்று நினைத்ததும் தவறு. மன்னித்துக்கொள்” என்றோம். பேரனிடம் மன்னிப்புக் கேட்பது வயதானவர்க்கு எளிதன்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுவதைக் காட்டிலும் நமக்கு அது கடினமாக இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நம் நாற்காலியின் கையில் வந்து அமர்ந்தான்.

எண்ணைத் திருத்துவதே பாவமா என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். இல்லை. ரைட் சகோதரர்களின் வரலாறு நமக்கு அதைத் தெளிவாக்கியது. ஒரு சீர்திருத்தச் சபை ஆயரின் மைந்தராகிய அவ்விருவரும், 1901-இல் தாங்கள் செய்த மிதவை விமானம் கணக்குப்படி எழாததைக் கண்டு மனம் சோர்ந்தனர். காற்றின் அழுத்தத்தைக் கணிக்க அறிஞரெல்லாம் நூறாண்டுக்கு மேலாகப் பயன்படுத்திய 0.005 என்ற எண்ணையே அவர்கள் ஐயுற்றார்கள். தம் அளவைகளின்படி அது 0.0033-ஐ ஒட்டியே இருக்கவேண்டும் எனக் கண்டனர். பிறகு ஆறடி நீளப் பெட்டி ஒன்றில் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அவர்கள் ஊர்தி 12 விநாடி பறந்தது. அவர்களும் ஓர் எண்ணை மாற்றியவர்களே. காற்று சொன்னதைக் கேட்டு அவர்கள் மாற்றினார்கள். நாமோ நம் இரக்கம் சொன்னதைக் கேட்டு மாற்றினோம். தராசு பிழையாக இருந்தால் திருத்துவது கடமை. சரியான தராசில் நம் வசதிக்காகக் கைவைப்பதே கள்ளத் தராசு. ஆண்டவர் அதை எவ்வளவு வெறுக்கிறார் என்பதை நீதிமொழி ஆகமத்தைப் படித்தோர் அறிவர்.

மறுநாள் காலை அவனே கோப்பைத் திறந்து 1.8-ஐ அழித்து 1.0 என எழுதினான். “அந்த 1.0 சரிதானா என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டான். நமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு சோதனைகள் செய்தோம். முழு வேகத்தில் நேராகப் பறந்து கையேட்டோடு ஒப்பிடுவது முதலாவது. எஞ்சினைத் தணித்து 68 நாட் வேகத்தில் சறுக்கி இறங்குவது இரண்டாவது. இரு இழுவைகளும் சமமாகி, மொத்த இழுவை மிகக் குறையும் வேகம் அதுவே. அவ்வேகத்தில் இவ்வூர்தி ஓரடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பதடி முன்னே செல்லும். அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கவேண்டும்? கடல் மைலுக்கு 6,076 அடி என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் பேசாமல் இருந்தோம். அவன் பெருக்கினான், வகுத்தான், அடித்தான், மறுபடி எழுதினான். அரைமணி நேரம் ஆயிற்று. “765” என்றான். திரையிலிருந்த கருவி 750-ஐ ஒட்டி நின்றது. அவன் நம்மைப் பார்த்த பார்வையை நாம் மறக்கமாட்டோம்.

அதன்பின் இறங்கும் முறையைப் பழகினான். ஃபிளாப் எனப்படும் மடிப்பிறக்கைகளை வேளையறிந்து விரித்து, தேவையான இழுவையைத் தானே வரவழைத்துக்கொள்ளக் கற்றான். பாறை முனையை அடையுமுன் வேகம் 61-க்கு வரவில்லையென்றால் வீம்பு பிடிக்காமல் மறுபடி மேலேறிச் சுற்றிவரவேண்டும் என்பதையும் கற்றான்.

ஒருநாள் அவனுக்குக் கனடாவில் நடந்த செய்தியைச் சொன்னோம். 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், 69 பேரைச் சுமந்த போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருளின்றி நின்றுபோயிற்று. எண்ணெயை நிறுத்துக் கணக்கிட்டபோது கிலோவுக்குப் பதிலாகப் பவுண்டின் எண்ணைப் பயன்படுத்திய பிழை அது. விமானி ராபர்ட் பியர்சன், எஞ்சின் ஓசையற்ற அந்த ஊர்தியைக் கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத் தளத்துக்குச் சறுக்கியே கொண்டுவந்தார். தளத்தை நெருங்கும்போது உயரம் மிகுதியாக இருந்தது. அவர் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, வேண்டுமென்றே இழுவையைக் கூட்டி, உயரத்தைக் கரைத்து இறங்கினார். ஓர் உயிரும் போகவில்லை. “எண்ணில் பிழை செய்ததால் விழ இருந்தார்கள், இழுவையால் பிழைத்தார்கள்” என்றான் பேரன். அதைவிடச் சுருக்கமாக நாமும் சொல்லியிருக்கமுடியாது.

விடுமுறை முடியும்வரை அவன் சேபாவில் இறங்கவில்லை. புறப்படும் நாள் காலையிலும் முயன்றான். பாறை முனையில் வேகம் 70 காட்டியது. ஒரு கணம் தயங்கி, விசையை முழுதும் தள்ளி மேலேறிவிட்டான். அன்று அவன் இறங்கியிருந்தால் அடைந்திருக்கக்கூடிய மகிழ்ச்சியைவிட அதிக மகிழ்ச்சி நமக்கு உண்டாயிற்று. ஜூன் மாத இறுதியில் தொலைபேசியில் அழைத்தான். “தாத்தா, அண்ணன் வீட்டில், அவர்கள் எல்லாரும் பார்க்க இறங்கிவிட்டேன். எண் 1.0-தான். வேண்டுமானால் நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன்” என்றான். காட்டவேண்டாம் என்றோம். கணக்கில் அவன் முதல்வனாகிவிடவில்லை. ஆனால் ‘எனக்கு வராது’ என்ற சொல்லை அவன் வாயிலிருந்து பிறகு கேட்கவில்லை என்று மகள் சொல்கிறாள். மருமகனிடமும் நாம் நடந்ததைச் சொன்னோம். நம் தவறை முதலில் சொன்னதால், அவர் தம் தவறைத் தாமே உணர்ந்துகொண்டார்.

பெற்றோரே, பிள்ளைகளின் வாழ்வில் காற்று அவர்களைப் பின்னுக்கு இழுக்கும். கைக்கு அடங்காத பாடம், கண்டிப்பான ஆசிரியர், தோற்ற பந்தயம் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் இழுவையே. அவர்கள் அறியாமல் இரவோடிரவாக அதை மாற்றிவிட நமக்குக் கை துடிக்கும். அந்தக் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் அருகே அமர்ந்திருப்பதும் அன்பின் ஒரு வகையே. வானோர் சுமந்து வந்ததாகப் பக்தர் போற்றும் திரு இல்லத்தின் அன்னையாம் லொரேத்தோ மாதாவை, 1920-ஆம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். டிசம்பர் 10-ஆம் நாள் அவ்வன்னையின் நினைவு நாள். பறக்கத் தொடங்கும் நம் பிள்ளைகளையும், அவர்களைப் பறக்கவிட அஞ்சும் நம்மையும் அத்தாய் காப்பாராக.